அண்ணி மடித்த பொட்டலம்

மாரியம்மன் துணை
ஈப்போ, 6.3.1983

அன்பும் மரியாதையும் உள்ள இருளாயி அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி வீரம்மா எழுதுவது. நானும் உங்கள் தம்பியும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்கள், மாயாண்டி அண்ணன், பிள்ளைகள் எல்லோரும் சுகந்தானே? அண்ணனுக்கு முழங்கால் வலி தேவலையா? உங்கள் தோட்டத்திலும் ரப்பர் மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நடப்போவதாகப் பாசாரில் காய் வாங்கும்போது பேசிக்கொண்டார்கள். நிஜமா?

உடம்புக்குக் குறையில்லை என்று எழுதிவிட்டேன். மனசுக்கு எப்படி என்று நீங்களும் கேட்கமாட்டீர்கள், நானும் இதுவரை எழுதியதில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூட்டிவரும்போது டாக்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். காலையிலும் மாலையிலும் மாத்திரை தவறக்கூடாது, தவறினால் காதில் அந்தக் குரல்கள் மறுபடியும் வந்துவிடும் என்று. நானும் தவறாமல் கொடுக்கிறேன். அவரும் தவறாமல் துப்புகிறார். நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்துக்கொண்டு, நான் அந்தப் பக்கம் திரும்பியதும் பூச்சட்டியில் துப்பிவிடுகிறார். கேட்டால், "நீ வெஷம் வைக்கிறேனு ரேடியோவுலயே சொல்லிட்டான்லா" என்கிறார். எங்கள் வீட்டு ரோஜாச் செடிக்கு இந்நேரம் பைத்தியம் தெளிந்திருக்கும்.

ஆனால் பொங்கலுக்கு உங்கள் வீட்டில் தங்கிவிட்டு வந்தாரே, அது வேறு ஆள். கன்னத்தில் சதை வைத்திருந்தது. லோரியில் டிரைவருக்குக் கைத்துணையாக, கெலிண்டானாக ஓடிய காலத்தில் சிரித்த மாதிரி வாசலில் நின்று சிரித்தார். நான் கொடுத்தனுப்பிய மாத்திரையும் தீர்ந்திருந்தது. அப்படியென்றால் உங்கள் கையால் விழுங்கியிருக்கிறார்.

ஒளிக்காமல் சொல்கிறேன் அண்ணி, எனக்குப் பொறாமையாக இருக்கிறது. டோபிக் கடையில் நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டி பிடித்த கையோடு வந்து, தண்ணீரும் மாத்திரையுமாக நிற்கிறவள் நான். என் கை விஷம், உங்கள் கை அமுதமா? என்ன செய்தீர்கள், எப்படிக் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். நானும் அதையே செய்கிறேன்.

பதிலை எதிர்பார்த்துக் கொண்டிருக்கும்,
வீரம்மா


முனியாண்டி சாமி துணை
சித்தியவான், 2.4.1983

நல்லாயிருக்க வேண்டிய வீரம்மாவுக்கு,

இருளாயி எழுதுகிறேன். கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணனுக்கு முழங்கால் வலி முழங்காலில்தான் இருக்கிறது, எங்கேயும் போகவில்லை. செம்பனை நடுவது நிஜந்தான். எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் பாதி மரம் விழுந்துவிட்டது. முனியாண்டி கோயிலை மட்டும் தொடமாட்டோம் என்று ஆபீஸ் கிராணி சொல்லியிருக்கிறார்.

நீ கேட்டதற்கு என்னத்தைப் பதில் எழுத? தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். அம்மா மரம் சீவப் போகும்போது தம்பி பத்துமலையை என் இடுப்பில் வைத்துவிட்டுத்தான் போவாள். அவனுக்கு முதல் சோறு ஊட்டியது இந்தக் கை. அந்தக் கை நீட்டினால் அவன் வாய் தானாகத் திறக்கிறது. இதற்கு முறை ஒன்றும் இல்லை. கைராசி என்று வைத்துக்கொள்.

கல்யாணமாகிப் போன மாதத்திலிருந்து அவன் எனக்கு ஒரு வரி எழுதியதில்லை, ஒரு தீபாவளிக்கு வந்ததில்லை. அப்போதெல்லாம் அவனுக்கு உன் கை இனித்தது. நான் யாரிடமும் போய் அழவில்லை. உடம்பு கெட்ட பிறகு அக்கா ஞாபகம் வந்திருக்கிறது. வரட்டும்.

உனக்கு முடியவில்லை என்றால் அனுப்பி வை. மாத்திரையையும் கொடுத்தனுப்பு. நான் பார்த்துக்கொள்கிறேன். ரசத்தில் புளியைக் குறைத்துப் போடு, அவனுக்கு ஆகாது.

ஆசீர்வாதங்களுடன்,
இருளாயி


மாரியம்மன் துணை
ஈப்போ, 15.5.1983

இருளாயி அண்ணிக்கு,

சுகம், சுகமறிய ஆசை. ரசத்தில் புளி குறைத்தாகிவிட்டது. அதையும் துப்பினார்.

வேறு வழியில்லாமல் அனுப்புகிறேன். சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன், மாயாண்டி அண்ணனை வந்து நிற்கச் சொல்லுங்கள். உங்களிடம் போகிறோம் என்று சொன்னதும் தலையணையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். முந்தாநாளிலிருந்து அதோடுதான் உட்கார்ந்திருக்கிறார். என்னோடு எங்கேயாவது புறப்பட அவர் இப்படித் தவித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஒரு விஷயத்தைக் கவனமாகக் கேளுங்கள். மாத்திரையை ஆஸ்பத்திரிக்காரர்கள் உறையில் போட்டுத் தந்திருக்கிறார்கள். மேலே அவர் பெயரும் முத்திரையும் இருக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இப்போது ஊரெல்லாம் டடா, டடா என்று போதைத்தூள் பேச்சாக இருக்கிறது. புதுச் சட்டமாம், பதினைந்து கிராம் தூளோடு பிடிபட்டால் தூக்குத்தானாம். பஸ் நிலையத்தில் சுருக்குக் கயிறு படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ரோட்டில் நிறுத்திச் சோதிக்கிறார்கள். யாராவது கேட்டால் உறையைக் காட்டும்படி நர்சம்மா சொன்னார். அவரால் தன் வாயால் விளக்கமாகச் சொல்ல முடியாது, உங்களுக்கே தெரியும்.

அவர் அங்கே என்னைப் பற்றி ஏதாவது கேட்டால் எழுதுங்கள். கேட்காவிட்டால் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
வீரம்மா


முனியாண்டி சாமி துணை
சித்தியவான், 27.6.1983

வீரம்மாவுக்கு,

இங்கே நலம். நீயும் நலமாக இருக்கச் சாமியைக் கேட்டுக்கொள்கிறேன்.

பத்துமலை வந்தபோது இருந்த இருப்பையும் இப்போது இருக்கும் இருப்பையும் நீ பார்க்க வேண்டும். லயத்துப் பின்பக்கம் மரவள்ளி நட்டிருக்கிறான். காலையில் குளித்துவிட்டுக் கோயிலில் புல் வெட்டுகிறான். பூசாரி ராமையா அவன் கையிலேயே திருநீற்றுத் தட்டைக் கொடுத்துவிட்டார். வருகிற சனத்துக்கெல்லாம் இவன்தான் பிரசாதம் கொடுக்கிறான். வாங்காமல் போகிறவர்களைத் துரத்திக்கொண்டு போய்க் கொடுக்கிறான். "இந்தாங்க, சாமி குடுத்தது, வேணாம்னு சொல்லாதீங்க" என்று அவன் சொல்வதைக் கேட்டால் உனக்கு அழுகை வரும். என் கையில் அவன் இப்படி இருக்கிறான்.

உன்னை ஒரு தடவை கேட்டான். வீரம்மாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டதா என்றான். கேட்டால்தானே எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன். கூடவே கோயில் திருநீறு ஒரு மாதத்துக்குப் பொட்டலம் மடித்துக் கொடுத்திருக்கிறேன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று அவனே பிரித்து வாயில் போட்டுக்கொள்வான். நீ அதைத் தொடாதே, பிரிக்காதே, அவன் கண்ணெதிரே மாத்திரை என்கிற பேச்சையே எடுக்காதே. தீர்ந்ததும் எனக்கு எழுது, வேறு மடித்து அனுப்புகிறேன். அந்த உறையைக் கேட்டாயே, முத்திரையைப் பார்த்தாலே அவன் வெளியே ஓடிவிடுகிறான். அடுப்பில் போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
இருளாயி


மாரியம்மன் துணை
ஈப்போ, 9.7.1983

அண்ணி,

சுகம் கேட்க எனக்கு இப்போது வாயில்லை. அவரைப் போலீஸ் பிடித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை இருட்டும்வரை பஸ் நிலையத்தில் நின்றேன். அவர் வரவில்லை. மறுநாள் காலையில் கான்ஸ்டபிள் இராமசாமி என்று ஒரு தமிழர் வீடு தேடி வந்து சொன்னார். நடுவழியில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தி ஆட்களைச் சோதித்திருக்கிறது. யாரும் இவர் பக்கமே வரவில்லையாம். இவராக எழுந்து நின்று சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து இன்ஸ்பெக்டரிடமே நீட்டியிருக்கிறார். "துவான், சாமி குடுத்தது. போட்டுக்குங்க, மனசு லேசா, சின்னாங்கா இருக்கும்" என்று. அவர் வாங்காததால் பக்கத்து ஸீட்டுக்காரருக்கு நீட்டியிருக்கிறார்.

பிரித்தால் வெள்ளைத் தூள். நுனி நாக்கில் வைத்துப் பார்த்தால் கசப்பு. பையைக் கொட்டினால் அதே மாதிரி ஒரு குவியல். எல்லாம் நகத்தளவு மடிப்பு. தெருவில் விற்கிறவன் மடிக்கிற மடிப்பு என்கிறாராம் இன்ஸ்பெக்டர். "வேற யாருக்குக் குடுத்தே?" என்று கேட்டதற்கு, "எல்லாருக்கும் குடுப்பேன், துரத்திக்கிட்டுப் போய்க் குடுப்பேன்" என்று சிரித்திருக்கிறார். அதை அப்படியே எழுதிக் கைநாட்டு வாங்கிவிட்டார்கள். "விக்கணும்னுகூட இல்லக்கா. சும்மா குடுத்தாலே கடத்தல்தான்னு சட்டம் சொல்லுது. எடையும் கூடுதல். ரொம்பக் கஷ்டம், சூசாலா" என்று இராமசாமி தலை குனிந்துகொண்டார்.

தூளைக் கெமிஸ்ட் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வர மாதக்கணக்கில் ஆகுமாம். இந்த மாதிரி வழக்கில் ஜாமீனும் கிடையாது.

திருநீறு கசக்காது அண்ணி. அதில் என்ன கலந்தீர்கள்? உடனே எழுதுங்கள். இல்லை, எழுத வேண்டாம், நேரில் வாருங்கள்.

வீரம்மா


ஈப்போ, 27.7.1983

அண்ணிக்கு,

இரண்டு வாரத்துக்கு மேலாகிவிட்டது, உங்களிடமிருந்து ஒரு சொல் இல்லை. கடிதம் வந்து சேரவில்லையோ என்று முதலில் நினைத்தேன். உங்கள் தோட்டத்திலிருந்து டோபிக் கடைக்கு வந்த ஒருவர், அண்ணி நன்றாகத்தான் இருக்கிறார், கோயிலில் பார்த்தேன் என்றார். சுகமாக இருப்பதில் சந்தோஷம்.

நேற்று ஜெயிலில் அவரைப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி மாத்திரையைக் கொண்டு போயிருந்தேன். வெளி மாத்திரை எதையும் உள்ளே விடமாட்டோம் என்றார்கள். அவர் பையில் இருந்தது சாட்சிப் பொருள், அதைத் தொட முடியாது. அவருடைய ஆஸ்பத்திரிக் கார்டைக் காட்டினேன். டாக்டருக்கு மனுப் போட்டிருக்கிறது, வரும் என்றார்கள். டடா பிடித்தவர்கள் எல்லோரும் முதல் வாரம் இப்படித்தான் பினாத்துவார்கள், பழக்கம் விட்டுப்போனால் சரியாகும் என்று ஒருவர் எனக்குத் தைரியம் சொன்னார். மருந்து நின்றுபோனதால் பேசுகிறார் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகிறது.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அக்கா வரலையா?" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஜெயிலுக்குள்ளேயும் நீங்கள்தான். வயிறு எரிந்து சொல்கிறேன், வந்து தொலையுங்கள்.

வீரம்மா


ஈப்போ, 16.8.1983

இருளாயி அண்ணிக்கு,

இதுதான் நான் எழுதும் கடைசிக் கடிதம் என்று நினைத்துக்கொண்டு படியுங்கள்.

பொட்டலம் மடித்தது யார் என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். உங்கள் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் அன்றைக்கே உங்கள் லயத்து வாசலில் ஜீப் நின்றிருக்கும். நான் சொல்லவில்லை. உங்கள்மேல் இரக்கப்பட்டு விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.

"நான்தான் துவான் மடிச்சேன். என் புருஷன் என் கையாலதான் மருந்து சாப்பிடுவாரு" என்றேன். அப்படிச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது தெரியுமா? போலீஸ் காகிதத்திலாவது அந்தக் கை என் கையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். தூக்குக் கயிறு படம் அந்த அறைச் சுவரிலும் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் ஒரு தாளைக் கிழித்து மேசையில் போட்டார். உண்மையான பொட்டலம் ஒன்றையும் பக்கத்தில் வைத்தார். "அதே மாதிரி மடி" என்றார். மடித்தேன். பிரிந்துகொண்டது. மறுபடியும் மடித்தேன். சட்டைக் காலரை ஊசி மாதிரி மடித்து நிறுத்துகிற கை அண்ணி இது, அந்தத் துண்டுத் தாளை மடிக்கவில்லை. ஒரு மூலை எங்கேயோ உள்ளே போகிறது, எங்கே என்று தெரியவில்லை. தாளெல்லாம் வியர்வையில் ஊறிப்போனது. "யாரையோ ஒளிக்கிறே. பொய் சொன்னா உனக்கும் கேஸ்" என்று எழுந்து போய்விட்டார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். எதற்கு அழுதேன் என்று உங்களுக்குத் தெரியும். அதிலும் நீங்களே ஜெயித்துவிட்டீர்கள்.

வீரம்மா


முனியாண்டி சாமி துணை
சித்தியவான், 30.8.1983

வீரம்மாவுக்கு,

நல்ல சுகமாக இரு. இந்தக் கடிதம் வருமுன்னே இராமசாமி வந்து பாதியைச் சொல்லியிருப்பார். மீதியை நான் சொல்ல வேண்டும்.

அவனைப் பிடித்துவிட்டார்கள் என்று நீ எழுதிய கடிதம் வந்த அன்றைக்கே புறப்பட்டேன். உன் அண்ணன் கதவை மறித்துக்கொண்டு நின்றார். "நீ போனா உன்னையும் தூக்குல போடுவான். எம் பிள்ளைங்களுக்கு யாருடி சோறு போடுவா?" என்று கத்தினார். நான் பயந்துவிட்டேன். அண்ணன் தடுத்தார் என்று அவர்மேல் பழி போடமாட்டேன். உட்கார்ந்தவள் நான்தான். 

உன் கடைசிக் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பயம் போய்விட்டது. நீதான் மடித்ததாகச் சொன்னாயாமே! எவ்வளவு தைரியம் உனக்கு! என் தம்பி உன் கையால் சாப்பிடுவானா? அடிவயிற்றிலிருந்து எரிந்துகொண்டு வந்தது. கயிறாவது படமாவது, அது என் கை என்று சொல்லாவிட்டால் என் கட்டை வேகாது என்று செருப்பை மாட்டினேன். உன் அண்ணன் இந்த முறை மறிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே ஒதுங்கிக்கொண்டார்.

ஸ்டேஷனில் தாள் கேட்டு வாங்கினேன். எங்கள் கோயில் திருவிழாவுக்குப் பாவாடை கட்டிய வயசிலிருந்து திருநீறு மடிக்கிறவள் நான். ரப்பர் காட்டு வேலைக்குப் போகிறவர்கள் மடியில் வைத்தாலும், மழையில் நனைந்தாலும் பிரியாமல் இருக்க எங்கள் அம்மா மடித்த மடிப்பு அது. இன்ஸ்பெக்டர் பேனாவை மூடுவதற்குள் மேசை மேலே வரிசையாக வைத்துவிட்டேன். அவர் பழைய பொட்டலத்தையும் புதுப் பொட்டலத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"உள்ள என்ன?" என்றார். "மாத்திரை, துவான். டம்ளர் அடியால நசுக்கித் திருநீத்துல கலந்தேன். மருந்துன்னா துப்புவான், சாமின்னா முழுங்குவான்" என்றேன். உறையிலிருந்து கொட்டிவைத்த மிச்ச மாத்திரையை மைலோ டின்னோடு கொண்டு போயிருந்தேன். எந்த ஆஸ்பத்திரி, கார்டு எங்கே என்று கேட்டார். வீரம்மாவிடம் இருக்கிறது என்றேன். அவர் அங்கேயே போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசினார். என்னை இரண்டு நாள் உட்காரவைத்து விசாரித்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். கெமிஸ்ட் முடிவு வரும்வரை அவனை விட முடியாது, ஆனால் சீக்கிரம் பார்க்கச் சொல்லி எழுதுகிறேன் என்றார்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். சொன்னால் நீயும் கலந்து கொடுத்திருப்பாய். அப்புறம் அவனுக்கு நான் எதற்கு? அந்த உறையை எரித்தபோதும் முத்திரைக்குப் பயந்து மட்டும் எரிக்கவில்லை. அதன்மேல் உன் கையெழுத்தில் காலை, மாலை என்று எழுதியிருந்தது. அது என் அலமாரியில் இருக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

இருளாயி


மாரியம்மன் துணை
ஈப்போ, 2.10.1983

இருளாயி அண்ணிக்கு,

நான் திடமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத மனம் வரவில்லை. ஐந்தாறு தடவை படித்தேன். திட்டி எழுதிய தாள்களைக் கிழித்துப் போட்டேன்.

கெமிஸ்ட் முடிவு வந்துவிட்டது. சாம்பலும் ஆஸ்பத்திரி மாத்திரையும், வேறு ஒன்றும் இல்லையாம். கோர்ட்டில் வழக்கை வாபஸ் வாங்கிவிட்டார்கள். ஜட்ஜ், இன்ஸ்பெக்டர், யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. சட்டப்படி எல்லாம் சரியாக நடந்ததாம். மருந்தில்லாமல் அவர் கிடந்ததும் அதில் சேர்த்தியா என்று கேட்க எனக்கு மலாய் போதவில்லை.

அவரை நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போனார்கள். எலும்பும் தோலுமாக இருக்கிறார். முதல் இரண்டு வாரம் என்னைத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது, ஆனால் கையில் எதை வைத்திருந்தாலும், ஒரு பிஸ்கட்டாக இருந்தாலும், வாங்கமாட்டேன் என்கிறார். வார்டில் சீனி என்று ஒரு வேலையாள் இருக்கிறார், வழுக்கைத் தலை, சதா வெற்றிலை. அவர் "பத்துமலை, வாயத் தொறலா" என்றால் உடனே திறக்கிறார். கூடப் பிறந்தவரும் இல்லை, தாலி கட்டிக்கொண்டவரும் இல்லை. நேற்றுப் பிறந்த உறவு! அந்த வழுக்கைத் தலையைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரை கிடையாதாம். மாதம் ஒரு தடவை கூட்டிப்போனால் ஊசி போட்டுவிடுவார்கள். இனிமேல் உங்கள் கையும் வேண்டாம், என் கையும் வேண்டாம். நமக்குள் சண்டை போட ஒன்றும் இல்லை. வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

வீரம்மா


முனியாண்டி சாமி துணை
சித்தியவான், 21.10.1983

அன்புள்ள வீரம்மாவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். நீ கொடுத்த பலகாரத்தைப் பிள்ளைகள் ஒரே நாளில் முடித்துவிட்டார்கள்.

வார்டில் அவன் என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. நீ கூட இருந்து பார்த்தாயே. "யாரு?" என்று சீனியைக் கேட்டான். "உங்க அக்காலா" என்று சீனி சொன்ன பிறகுதான் என்னைப் பார்த்துத் தலையாட்டினான். என் தம்பிக்கு என்னை யாரோ ஒருவர் அறிமுகம் செய்துவைக்கிறார். உனக்கு உள்ளுக்குள் கொஞ்சமாவது குளிர்ந்திருக்கும் என்று உன் முகத்தைப் பார்த்தேன். நீ அழுதுகொண்டிருந்தாய்.

தீபாவளிக்கு அவன் வீட்டுக்கு வந்துவிடுவான் என்று டாக்டர் சொன்னது நல்ல சேதி. பூசாரி ராமையா அவன் பேரில் அர்ச்சனை செய்தார். திருநீற்றை வாழை இலையில் வைத்து, செம்பனை லோரியில் ஈப்போவுக்கு வருகிற ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன். வெறும் திருநீறுதான். பொட்டலம் மடிக்கவில்லை. இந்தக் கை இனி மடிக்காது. கோயில் திருவிழாவுக்கும் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

நீயே பூசிவிடு. நான் வரவில்லை.

இருளாயி


மாரியம்மன் துணை
ஈப்போ, 6.11.1983

என் அண்ணிக்கு,

வீரம்மா எழுதுகிறேன். உங்கள் வீட்டில் தீபாவளி எப்படிப் போனது? இங்கே போன விதத்தைச் சொல்கிறேன்.

அவர் வந்துவிட்டார். ஊசி போட்டிருப்பதால் சத்தம் இல்லை. சொன்னால் குளிக்கிறார், வைத்தால் சாப்பிடுகிறார். தீபாவளிக் காலையில் எண்ணெய் தேய்த்துவிட்டேன். புதுச் சட்டை போட்டுக்கொண்டார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என் கை அவர் தலையில் பட்டது, அவர் தட்டிவிடவில்லை. எனக்கு இருந்த சந்தோஷத்தில், சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்த உங்கள் திருநீற்றைத் தட்டில் கொட்டி எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

தட்டைப் பார்த்தார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். தூக்கியபடியே திரும்பிச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு, காலை அகட்டி நின்றார். "என்கிட்ட ஒண்ணும் இல்ல துவான். நான் யாருக்கும் குடுக்கல. எனக்கு எந்தச் சாமியும் குடுக்கல" என்றார். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "நான் வீரம்மா, நான் வீரம்மா" என்று சொல்லிக்கொண்டே நின்றேன். ரொம்ப நேரம் கழித்துக் கையை இறக்கினார். புதுச் சட்டைப் பையை வெளியே இழுத்து, காலியாக இருக்கிறது என்று எனக்குக் காட்டினார்.

துரத்திக்கொண்டு போய்ப் பிரசாதம் கொடுத்தவர் அண்ணி. நீங்கள் எழுதியிருந்தீர்களே, அந்தக் கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தேன். அவரை அப்படிப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அதற்கும் உங்கள்மேல் எனக்குப் பொறாமைதான்.

திருநீறு படத்துக்கு முன்னாலேயே இருக்கிறது. அவர் நெற்றி வெறுமையாக இருக்கிறது. என்னால் முடியவில்லை. ஒருவேளை நீங்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, சின்ன வயசில் பூசியதுபோல் ஒரு விரலால் பூசினால் சும்மா இருப்பாரோ என்னவோ. அப்படி இருந்துவிட்டால் எனக்கு வயிறு எரியும். எரிந்துவிட்டுப் போகட்டும். நான் அடுப்படியில் நின்றுகொள்கிறேன். அடுத்த பஸ்ஸுக்கு வாருங்கள்.

உங்கள்,
வீரம்மா